மீளும் கலம்

கும்மிடிப்பூண்டிக்கு வடகிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டையிலிருந்து எழும் ஏவூர்திகளை அவ்வட்டாரத்தார் பன்முறை கண்டிருப்பர். ககன்யான் திட்டத்தின்படி மனிதரும் அங்கிருந்தே விண்ணேற இருக்கின்றனர். ஏறுதலினும் மீளுதலே அரிது என்பதற்குச் சீனர் நிகழ்ச்சியொன்று சான்றாகும்.

2025 ஏப்ரலில் சீன வீரர் மூவர் தியாங்கொங் விண்வெளி நிலையம் சென்றனர். ஆறு திங்களுக்குப்பின் மீள முற்படுகையில், அவர்தம் கலத்தின் சாளரத்தில் நுண்ணிய விரிசல் காணப்பட்டது. விண்ணில் திரியும் சிறு துகள் மோதியதாகக் கருதப்பட்டது. துகள் சிறிதேனும் அதன் வேகம் துப்பாக்கிக் குண்டினும் பன்மடங்கு! காற்று மண்டலத்துள் புகுங்கால் கலத்தின் புறம் நெருப்பெனக் கனலும். பழுதுற்ற சாளரத்தை எங்ஙனம் நம்புவது?

அடுத்து வந்த குழுவினரின் கலத்திலேறி, 204 நாள்களுக்குப்பின், நவம்பர் 14-இல் அவர்கள் தரையிறங்கினர். புதிய மூவரோ, நவம்பர் 25-இல் ஆளில்லாக் கலமொன்று வந்து சேரும்வரை, மீளுதற்குத் தகுந்த ஊர்தியின்றியே வானில் வாழ்ந்தனர்.