மூக்கடைப்பும் நடுச்செவிக் குழலும்: செவி அடைப்பது ஏன்? சோதிப்பது எவ்வாறு?

சளி பிடித்த ஓரிரு நாட்களில் செவியும் அடைத்துக்கொண்டதுபோல் தோன்றுவது பலரும் அறிந்ததே. செவியில் அழுக்குச் சேர்ந்துவிட்டதாகக் கருதி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் இவ்வடைப்பு செவித்துளையில் இல்லை. செவிப்பறைக்கு அப்பால், மூக்கின் பின்புறத்தில் தொடங்குகிறது. ஊற்றும் எண்ணெய் அவ்விடத்தைச் சென்றடைவதே இல்லை.

செவிப்பறைக்கு உட்புறம் உள்ள நடுச்செவி ஒரு சிறிய காற்றறை. அதன் உட்சவ்வு அங்குள்ள காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அக்குறையை ஈடுசெய்வது, நடுச்செவியை மூக்கின் பின்பகுதியுடன் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலார் பார்த்தொலொமேயோ யூஸ்டேஷியின் பெயரால் வழங்கும் இக்குழல், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளமுடையது. இது இயல்பாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மென்னண்ணத் தசை இழுப்பதால் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் திறந்து மூடும். நடுச்செவியில் ஊறும் நீர் வடிவதும் இவ்வழியேதான்.

மூக்கு அடைபட்டால் இரு வகையில் இடையூறு நேர்கிறது. முதலாவது, மூக்கின் அழற்சி குழலின் வாய்வரை பரவி அதனை வீங்கச் செய்கிறது. இரண்டாவது அவ்வளவாக அறியப்படாதது. நாம் விழுங்கும்போது மென்னண்ணம் மேலெழுந்து மூக்கின் பின்பகுதியை மூடுகிறது. மூக்கு திறந்திருந்தால் அங்குள்ள காற்று நாசித்துளை வழியே வெளியேறிவிடும். மூக்கு அடைபட்டிருந்தாலோ, அக்காற்று முதலில் அழுத்தப்பட்டு, அடுத்த கணமே அங்கு அழுத்தக் குறைவு ஏற்படுகிறது. முன்னதில் சளி குழலுக்குள் தள்ளப்படலாம். பின்னதில் நடுச்செவிக் காற்று வெளியே இழுக்கப்படலாம். செவிப்பறை உட்குழிந்து, கேட்கும் ஒலி மங்குகிறது. மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு உமிழ்நீரை விழுங்கிப் பார்த்தால் இதனை நீங்களே உணரலாம். டாய்ன்பீ சோதனை எனப்படுவது இதுவே. மூக்கின் நடுத்தண்டு சற்று வளைந்திருந்தும் செவியில் எக்குறையும் இல்லாதோர் பலர் என்பதால், வளைவு ஒன்றையே காரணமாகக் கொள்வது சரியன்று.

குழந்தைகளின் குழல் குட்டையானது, சாய்வும் குறைவு. குழலின் வாயருகே உள்ள அடினாய்டு திசு வீங்கினால் மூக்கும் செவியும் ஒருங்கே பாதிக்கப்படும். நடுச்செவியில் நீர் தேங்கிய குழந்தைக்குப் பெரும்பாலும் வலி இராது. வாய் திறந்து உறங்குவது, குறட்டை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவது, அழைத்தால் திரும்பாமை ஆகியவையே அறிகுறிகள். வகுப்பில் கவனம் இல்லை என்று கண்டிக்கப்படும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது செவித்திறன் சோதனை.

மருத்துவமனையில் பெரிதும் பயன்படுவது டிம்பனோமெட்ரி. செவித்துளையில் மென்மையான முனையைப் பொருத்தி, காற்றழுத்தத்தை மாற்றியவாறு செவிப்பறையின் அசைவை அளப்பர். சில நொடிகளில் முடியும், வலி இல்லை. வரைபடத்தின் உச்சி இயல்பான அழுத்தத்தருகே இருப்பின் 'ஏ' வகை. எதிர் அழுத்தப் பக்கம் நகர்ந்திருப்பின் 'சி' வகை. குழல் சரிவரத் திறக்கவில்லை என்பதற்கு அது ஒரு குறிப்பு. உச்சியே இல்லாத தட்டையான 'பி' வகை பெரும்பாலும் நீர்த்தேக்கத்தைக் காட்டும். எனினும் செவிப்பறைத் துளையும் குறும்பி அடைப்பும் தட்டையான கோட்டைத் தரக்கூடும் என்பதால், செவித்துளையின் கொள்ளளவையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

மூக்கையும் வாயையும் மூடி மெல்ல ஊதும் வால்சால்வா முறையில் செவி திறந்துகொண்டால், குழல் முற்றிலும் அடைபடவில்லை என்பது மட்டுமே தெளிவாகும். விழுங்கும்போது தசை அதனைத் தானாகத் திறக்கிறதா என்பதற்கு அது விடையாகாது. எனவே விழுங்குவதற்கு முன்னும் பின்னும் டிம்பனோமெட்ரி எடுத்து ஒப்பிடுவர். கடுஞ்சளி உள்ள நாளில் பெற்ற முடிவு அந்நாளின் நிலையையே காட்டும். மூக்கு தெளிந்தபின் மீண்டும் சோதிப்பது நன்று. சளி மிகுந்திருக்கையில் பலமாக ஊதுதல் கூடாது.

சளியால் வந்த செவியடைப்பு பெரும்பாலும் தானே நீங்கும். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும். சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் கூறாமல் இடவே கூடாது. ஒவ்வாமையால் மூக்கடைப்பு உள்ளோருக்கு ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் பரிந்துரைக்கப்படலாம். குழந்தைகளின் நீர்த்தேக்கம் மூன்று மாதம் கடந்தும் நீடித்தால் செவித்திறனை அளந்து, அடினாய்டு நீக்கமோ செவிப்பறையில் நுண்குழல் பொருத்துவதோ தேவையா என முடிவு செய்யப்படும்.

பெரியவர் ஒருவருக்குச் சளி ஏதுமின்றி ஒரு செவியில் மட்டும் நீர் தேங்கி நீடித்தால், மூக்கின் பின்பகுதியை உள்நோக்கிக் கருவியால் பார்த்தே ஆகவேண்டும். அங்கு வளரும் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். கழுத்தில் கட்டியோ மூக்கிலிருந்து இரத்தக் கசிவோ சேர்ந்திருப்பின் காலம் தாழ்த்தாது அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகுங்கள்.