முகக்கவசமும் மூச்சும்: உடற்பயிற்சி செய்வோர் அறிய வேண்டியவை

பெருந்தொற்றுக் காலம் கடந்த பின்னர் முகக்கவசம் நம் அன்றாட வாழ்விலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டது. ஆயினும், தில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் குளிர்காலப் புகைமூட்டம் தொடங்கியதும் அது மீண்டும் தேவைப்படுகிறது. அதிகாலையில் பூங்காக்களில் நடைப்பயிற்சி மேற்கொள்வோர் பலரும் முகக்கவசத்துடன் நடப்பதைக் காண்கிறோம்.

நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்றிதழ் அளிக்க வந்த ஓய்வூதியதாரர் ஒருவர் என்னிடம், “முகக்கவசம் அணிந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது, கழற்றினால் இருமல் வருகிறது. நடப்பதையே விட்டுவிடலாமா, சார்?” என்று வினவினார். நம் வாடிக்கையாளர்கள் பலருக்கும் எழக்கூடிய வினா இது.

ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். கடுமையான பயிற்சியின்போது இவ்வளவு 100 லிட்டரையும் கடக்கக்கூடும். காற்றின் வேகம் கூடக்கூட முகக்கவசம் ஏற்படுத்தும் தடையும் கூடுகிறது. சுவாசத் தசைகள் மிகுதியாக உழைக்க நேரிடுகிறது. வெளிவிட்ட வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் சிறு பகுதி மீண்டும் உள்ளே செல்கிறது. வியர்வையால் துணி நனைந்தால் தடை மேலும் வளர்கிறது. ஆயினும், ஆக்சிஜன் மூலக்கூறு முகக்கவசத்தின் துளைகளைவிட மிக மிக நுண்ணியது. ஆதலால் உடல்நலமுள்ள ஒருவருக்கு மிதமான பயிற்சியின்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. நாம் உணரும் திணறலுக்குப் பெரிதும் காரணம் தடையும் வெப்பமுமே.

இது குறித்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 14 பேரைச் சோர்ந்து ஓயும்வரை மிதிவண்டிப் பயிற்சியில் ஈடுபடுத்தி 2020இல் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் அவர்களின் செயல்திறனைப் பாதிக்கவில்லை. அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 12 ஆண்களிடம் நடந்த ஆய்விலோ உச்சத்திறன் குறைந்தது; என்-95 வகைக்கு நிகரான முகக்கவசத்தில் அக்குறைவு அதிகமாக இருந்தது. 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், துணி முகக்கவசத்துடன் ஓடுபொறியில் பயின்ற 31 பேரின் பயிற்சி நேரம் சுமார் 14 விழுக்காடு குறைந்தது. இம்மூன்றும் உடல்நலமுள்ளோரின் உச்ச எல்லையை அளந்தவை. நாள்தோறும் நடப்பவர் அந்த எல்லையைத் தொடுவதில்லை. அதே வேளையில், இதய நோயாளிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இம்முடிவுகளைத் தமக்கு அப்படியே பொருத்திக்கொள்ளலாகாது.

கடும் பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் அறிவுறுத்தியது. என்-95 அணிந்து பயின்றால் மூச்சுவிடச் சிரமம் ஏற்படலாம் என்றும், இயன்றவரை முகத்தடுப்பையே பயன்படுத்துமாறும் நம் நடுவண் சுகாதார அமைச்சகம் அதே ஆண்டு ஆகஸ்டில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் கூறியது. இவை தொற்றைக் கருத்திற்கொண்டவை. புகைக்கு முகத்தடுப்பு பயன்படாது. தளர்வான துணியும் நுண்துகள்களைப் போதுமான அளவு தடுப்பதில்லை. முகத்தோடு நன்கு பொருந்தும் என்-95 வகையே 95 விழுக்காட்டுக்குக் குறையாத நுண்துகள்களை வடிகட்டவல்லது; ஆனால் மூச்சுக்குத் தடை மிகுந்ததும் அதுவே. இந்த வரவையும் செலவையும் எடைபோட்டே நாம் முடிவு செய்ய வேண்டும்.

நடக்கப் புறப்படுமுன், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்ப்பது நலம். 200ஐக் கடந்தால் காற்று ‘மோசம்’, 300ஐக் கடந்தால் ‘மிக மோசம்’, 400ஐக் கடந்தால் ‘கடுமை’ என அவ்வாரியம் வகைப்படுத்துகிறது. 300க்கு மேற்பட்ட நாள்களில் வீட்டினுள்ளேயே யோகாசனமோ எளிய பயிற்சியோ செய்யலாம். குளிர்கால விடியலில் மாசு தரையருகே தேங்கி நிற்பதால், வெயில் ஏறிய பின் நடப்பது பெரும்பாலும் மேலானது.

முகக்கவசம் அணிந்து நடக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடன் வருபவருடன் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. நனைந்த முகக்கவசத்தை மாற்றிவிடுங்கள். தலைச்சுற்றலோ நெஞ்சுவலியோ தோன்றினால் ஒதுக்கமான இடத்தில் அமர்ந்து முகக்கவசத்தைக் கழற்றுங்கள். மருத்துவ உதவியை நாடத் தயங்காதீர்கள். இதயம், நுரையீரல் தொடர்பான நோயுள்ளவர்கள் முன்னதாகவே தம் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது இன்றியமையாதது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘மலையுச்சிப் பயிற்சியின் பலனைத் தரும்’ என்னும் விளம்பரத்துடன் சில பயிற்சி முகக்கவசங்கள் விற்கப்படுகின்றன. மலையுச்சியில் காற்றழுத்தம் குறைவதால் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது. இத்தகைய முகக்கவசம் மூச்சுக்குத் தடையை ஏற்படுத்துமேயன்றிக் காற்றழுத்தத்தை மாற்றாது. வாங்குமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. காற்று நன்றாக உள்ள நாள்களில் சற்று அதிகமாகவும் மற்ற நாள்களில் வீட்டினுள்ளும் பகிர்ந்து செய்தால் குளிர்காலம் முழுவதும் பயிற்சி தடைபடாது.