எடை குறைய ஒரு நாளைக்கு எத்தனை கலோரி?

எடையைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். தோழிக்குப் பலன் தந்த 1,000 கலோரி டயட், வாட்ஸ்அப்பில் வந்த 1,200 கலோரி அட்டவணை, ஜிம்மில் யாரோ சொன்ன ‘தினமும் 500 குறை’. இவற்றில் எதுவும் உங்கள் உயரத்தையும் வயதையும் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல. உயரம் குறைந்த, நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்களுக்கு இந்த இரவல் எண்கள் கெடுதலாகவே முடியலாம்.

செலவைத் தெரிந்துகொள்ளுங்கள்

சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்கான செலவைக் கணிக்க உணவியல் நிபுணர்கள் பெரிதும் பயன்படுத்துவது 1990இல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியார் சூத்திரம். எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். உட்கார்ந்த வேலை என்றால் விடையை 1.2ஆலும், வாரத்தில் சில நாள் உடற்பயிற்சி உண்டென்றால் 1.375ஆலும் பெருக்கினால் ஒரு நாளின் மொத்தச் செலவு கிடைக்கும். நூறு, நூற்றைம்பது முன்பின் இருக்கலாம்; தொடங்குவதற்கு அது போதும்.

40 வயதுப் பெண், 155 செ.மீ. உயரம், 70 கிலோ, அலுவலகத்தில் கணினி முன் வேலை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் செலவு சுமார் 1,308. மொத்தம் சுமார் 1,570 கலோரி. இதில் 500ஐக் கழித்தால் 1,070. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே இறங்கக் கூடாது என்பதே பொதுவான எச்சரிக்கை. ஊரே சொல்லும் ‘500 குறை’ விதி இவரை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறது.

இவருக்கு 300 குறைத்தால் போதும். சாப்பாடு 1,270 கலோரி. கூடவே முக்கால் மணி நேர வேக நடை சேர்ந்தால் இன்னும் 150 முதல் 200 வரை செலவாகும். தட்டில் கொஞ்சம், நடையில் கொஞ்சமாக ஏறக்குறைய அதே 500 வந்துவிடுகிறது, பட்டினி இல்லாமலே. உடல் கொழுப்பில் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆகவே மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தாலே அது நல்ல வேகம்.

குறைத்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. அவர்கள் வழக்கமாகச் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி. எடையில் கால் பங்கு கரைந்தது. மனச்சோர்வு, எரிச்சல், எப்போதும் குளிர், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அந்த இளைஞர்களைப் பட்டினி போட்ட கலோரி அளவும், மேலே சொன்ன பெண்ணின் முழுநாள் செலவும் ஏறக்குறைய ஒரே எண். யாருக்கு என்று சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் பகிர்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அளவுக்கு மீறிக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். மாதவிலக்கு தள்ளிப்போகலாம். வேகமாக எடை இறங்குபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுதல். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்தே தொடங்குவதால், பலர் பழியைத் தண்ணீர் மீதும் ஷாம்பூ மீதும் போட்டுவிடுகிறார்கள்.

அடுப்படியில் எங்கே கை வைப்பது?

சோற்றைத்தான் எல்லோரும் முதலில் குற்றவாளி ஆக்குகிறார்கள். நான் எண்ணெய் டப்பாவைப் பார்க்கச் சொல்வேன். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மி.லி.; அதுவே 270 கலோரி. தாளிப்பு, பொரியல், தோசை, அப்பளம் என்று பிரிந்து போவதால் கண்ணில் படுவதில்லை. இரண்டரை லிட்டரில் மாதத்தை ஓட்டினால், யார் தட்டிலும் ஒரு கரண்டி சோறு குறையாமல் ஆளுக்கு 100 கலோரி மிச்சம். மூன்று வேளை காபியில் இரண்டு ஸ்பூன் வீதம் சர்க்கரை போடுபவருக்கு அதில் மட்டும் 120.

வெட்டக் கூடாதது புரதம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை இருக்கட்டும். பசியும் தாங்கும், தசையும் நிற்கும்.

தாமாகத் தொடங்கக் கூடாதவர்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் கலோரியைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மருந்து அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே தட்டை மாற்றுங்கள்.

எடை நின்றுவிட்டால்

முதல் வாரம் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாலாவது வாரம் முள் அசையாதபோது மனம் உடைந்து, இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். உடம்பு சிறுத்தால் அதன் செலவும் குறையும். நம் உதாரணப் பெண் 65 கிலோவுக்கு வந்ததும் அவருடைய நாள் செலவு 1,570இலிருந்து சுமார் 1,510 ஆகிவிடும். ஐந்து கிலோ குறைந்ததும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். அந்த 60 கலோரியை நடையில் சுமார் பதினைந்து நிமிடம் கூட்டி ஈடுகட்டலாம். சாப்பாட்டை 1,200க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.