சட்டை மாற்றும் கிருமி

1975-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊரிலும் அக்கம்பக்கத்திலும் குழந்தைகள் பலருக்கு மூட்டுகள் வீங்கின. ஒரே பகுதியில் இத்தனை குழந்தைகளுக்கு மூட்டுவாதம் எப்படி வரும் என்று தாய்மார்கள் விடாமல் கேட்டார்கள். ஆராயவந்த மருத்துவர் ஆலன் ஸ்டீர் குழுவினரின் சந்தேகம் உண்ணிக்கடியின் மேல் விழுந்தது. 1981-இல் ஆய்வாளர் வில்லி பர்க்டோர்ஃபர் உண்ணிகளின் குடலில் இந்நோய்க்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டார். அவர் பெயராலேயே அது பொரேலியா பர்க்டோர்ஃபெரி ஆனது.

முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக்குஞ்சிடம் இந்தக் கிருமி இருப்பதில்லை. வெண்பாத எலி போன்ற சிற்றுயிர்களின் இரத்தத்தைக் குடிக்கும்போதுதான் தொற்றுகிறது. குஞ்சு தோலுரித்து இளம் உண்ணியாகும்போது கசகசா அளவே இருக்கும். மனிதருக்கு நோயைத் தருவது பெரும்பாலும் இதுதான்.

அடுத்த இரை கிடைக்கும்வரை கிருமி உண்ணியின் குடலிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். அப்போது அதன் மேற்பரப்பை மூடியிருப்பது ஓஎஸ்பி-ஏ என்ற புரதம். குடல் சுவரைப் பற்றிக்கொள்ள உதவுவது. உண்ணி நம்மைக் கடித்து வெதுவெதுப்பான இரத்தம் உள்ளே போனதும், கிருமி அந்தச் சட்டையைக் கழற்றி ஓஎஸ்பி-சி என்ற வேறொன்றை அணிகிறது. பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை நோக்கி நகர்கிறது. அங்கே உண்ணியின் எச்சில் புரதம் ஒன்று அதன்மேல் படிந்து, நம் எதிர்ப்பாற்றலிடமிருந்து காக்கிறது.

கிருமிகளைப் பட்டினி போட நம் உடல் இரும்புச்சத்தை ஒளித்துவைப்பது வழக்கம். இந்தக் கிருமியிடம் அது பலிக்காது. இரும்பின்றி மாங்கனீசைக் கொண்டே பிழைக்கும். எதிர்ப்பொருள்கள் அடையாளம் கண்டு நெருங்கினால், விஎல்எஸ்-இ என்ற புரதத்தின் மரபணுத் துண்டுகளை மாற்றிக் கோத்து மேற்பரப்பையே வேறாக்கிவிடும். மூட்டு வீங்குவதும் கிருமி கக்கும் நஞ்சினால் அல்ல. கிருமியை எதிர்த்து நம் உடல் நடத்தும் போரினால்தான்.

இவ்வளவு தந்திரம் இருந்தும், இதனால் அவசரப்பட முடியாது. குடலிலிருந்து சுரப்பிக்கு வந்து நம் உடலில் நுழைய பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேலாகிறது. 1998-இல் வந்த தடுப்பூசி இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது: நம் இரத்தத்தோடு உண்ணிக்குள் போகும் எதிர்ப்பொருள்கள், சட்டை மாற்றும் முன்பே கிருமியைக் கொன்றன. விற்பனை குறைந்ததால் 2002-இல் அது சந்தையிலிருந்து விலகியது.

அந்த இடைவெளி இன்றும் நம் கையில் இருக்கிறது. இந்நோயுள்ள நாடுகளில் காட்டிலும் புல்வெளியிலும் நடந்து திரும்புவோர் அன்றே உடலைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பிறகு சிவந்த வட்டம் பரவினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்தே பெரும்பாலும் போதும்.