வதந்தியும் ‘-ஆம்’ ஒட்டும்

2012 ஆகஸ்டில், பெங்களூரில் வாழும் வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படுவர் என்னும் வதந்தி குறுஞ்செய்திகள் வழியும் பரவியது. ஆயிரக்கணக்கானோர் குவாஹாட்டி செல்லும் ரயில்களில் நகரை விட்டு நீங்கினர். மொத்தமாக அனுப்பப்படும் குறுஞ்செய்திகளுக்கு நடுவணரசு 15 நாள் தடை விதித்தது.

மின்னணு ஊடகப் பொறுப்பைப் பள்ளிகளில் கற்பிக்க மொழியியலும் துணைபுரியும். தமிழில் ‘-ஆம்’ என்னும் ஒட்டும், கன்னடத்தில் ‘அந்தெ’ என்பதும் செவிவழிச் செய்தியைக் குறிப்பன. ‘கலவரம் நடந்ததாம்’ என்பவர், தாம் அதனை நேரில் காணவில்லை என்பதையும் உடன் உணர்த்துகிறார். ‘கலவரம் நடந்தது’ என்று அதுவே எழுதப்படும்போது அக்குறிப்பு மறைந்து, கேள்வி உண்மையாகிவிடுகிறது.

ஆகவே, வந்த செய்தியின் வினைமுற்றில் ‘-ஆம்’ சேர்த்துப் படித்து, ‘யார் கண்டது? யார் சொன்னது?’ என வினவ மாணவரைப் பழக்கலாம். தடை சில நாளில் நீங்கும், இப்பழக்கம் நிலைக்கும். செய்தியை மொழிபெயர்ப்போர்க்கும் இது பொருந்தும்.