நகரும் நிரைகளும் தமிழ் நெடுங்கணக்கும்

இணையப்பக்க அட்டவணையொன்றின் நிரல் தலைப்பை அழுத்தியதும் நிரைகள் வழுக்கிச் சென்று புதிய ஒழுங்கில் அமைகின்றன. இவ்வசைவு வெறும் அலங்காரமன்று. எந்த நிரை எங்கே சென்றது எனக் கண் தொடர அது துணைபுரிகின்றது. பழைய இடத்தையும் புதிய இடத்தையும் அளந்து, நிரையை முதலிற் பழைய இடத்திலேயே தோன்றச்செய்து, பின் நகரவிடுவதே இதன் பொறிமுறை. ஆயின் அவ்வொழுங்கு யாருடைய ஒழுங்கு என்பதே நாம் வினவவேண்டியது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இயல்பான வரிசைப்படுத்தல், எண்களையும் எழுத்துத்தொடர்களாகவே கொண்டு குறியெண்களை ஒப்பிடுவதால், 9 இற்கு முன்னர் 10 வருகின்றது. தமிழுக்கு நேரும் வழு இதனினும் நுண்ணியது. யுனிகோட் முறையில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து நிற்கின்றது, நமது நெடுங்கணக்கிலோ அது இறுதி மெய். எனவே ‘கமலம்’ முன்வரவேண்டிய பட்டியலில் ‘கனகம்’ முந்திவிடுகின்றது. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பிந்தியதாதலின் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னே தள்ளப்படுகின்றது. வாக்காளர் பட்டியலிலோ பரீட்சைப் பெறுபேறுகளிலோ தம் பெயரை உரிய இடத்திற் காணாதவர் அது இல்லையென்றே கருதக்கூடும். உலாவியிலேயே உள்ள இன்ட்ல் கொலேட்டர் என்னும் ஒப்பீட்டுக் கருவியைத் தமிழுக்குரிய மொழிக்குறியுடன் கையாளின் இவ்வழு நீங்கும். எண்களுக்கு எண்மதிப்பு ஒப்பீட்டைத் தனியே கோருதல் வேண்டும்.