மின்கோப்பும் அச்சுப்படியும்: இடர்ப்பாடுகளும் தீர்வுகளும்

முன்னுரை

ஓலைச்சுவடியைப் படியெடுப்போர் ஓர் எழுத்தைப் பிறழ உணர்ந்தால், அது பாடவேறுபாடாகி நூலில் நிலைத்துவிடும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்பெறாமையாலும், எகர ஏகார வேறுபாடு காட்டப்பெறாமையாலும் பதிப்பாசிரியர்கள் பட்ட இன்னல்களைத் தமிழ் மாணவர் நன்கு அறிவர். இன்று நூல்களும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் மின்கோப்புகளாக உலவுகின்றன. பழைய இடரும் புதிய கோலம் பூண்டு வந்திருக்கிறது. ஒரு கணிப்பொறியில் செவ்வனே தோன்றிய பக்கம் மற்றொன்றில் வெறுங் கட்டங்களாகத் தோன்றுகிறது. திரையில் பிழையின்றி நின்ற சொல் தாளில் சிதைந்து வருகிறது. ஆய்வேடு அளிக்க வேண்டிய இறுதி நாளில் நகலகத்தின் வாயிலில் செய்வதறியாது நிற்கும் மாணவர் பலர்.

இந்நிலையில் அச்சுப்பொறியைப் பழிப்பதாலும் கடைக்காரரைக் கடிந்துகொள்வதாலும் பயன் இல்லை. மின்கோப்பு தாளில் அமர்வதற்கு முன் நான்கு நிலைகளைக் கடக்கிறது. இறங்குதல், திறத்தல், எழுத்துவடிவம் பெறுதல், அச்சேறுதல் என்பன அவை. பழுது எந்நிலையில் நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால் தீர்வு எளிதாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறங்கும்போது நேரும் பழுது

மின்னாவணங்களுள் பெருவழக்கானது பிடிஎஃப் வடிவம். அடோபி நிறுவனம் இதனை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2008ஆம் ஆண்டில் இஃது உலகத் தரநிர்ணய அமைப்பின் தரமாயிற்று. எந்தக் கணிப்பொறியிலும் ஒரே தோற்றம் தருதல் என்பதே இதன் குறிக்கோள்.

இக்கோப்பின் உள்ளமைப்பில் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. எப்பக்கம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அட்டவணை பெரும்பாலும் கோப்பின் இறுதியிலேயே அமைகிறது. எனவே இணையத் தொடர்பு இடையில் அறுந்து, பத்தில் ஒன்பது பங்கு இறங்கியிருந்தாலும், கோப்பு பழுதுற்றது என்னும் அறிவிப்பே கிடைக்கும். பக்கங்கள் உள்ளே இருந்தும் அவற்றைக் காட்டும் அட்டவணை வந்து சேரவில்லை. கோப்பின் அளவை இணையப் பக்கம் குறித்திருந்தால், இறங்கிய கோப்பின் அளவோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். குரோம் உலாவியில் முற்றுப்பெறாத கோப்பின் பெயர் 'சிஆர்டவுன்லோடு' என்றும், ஃபயர்பாக்ஸில் 'பார்ட்' என்றும் முடியும். அவ்வாறாயின் மீண்டும் இறக்குவதே தக்கது.

பெயரளவில் மட்டுமே பிடிஎஃப் ஆகிய கோப்பும் உண்டு. உறுப்பினர்க்கு மட்டும் நூல் வழங்கும் தளத்தில் உள்நுழையாமல் இறக்கினால், நூலுக்கு மாறாக உள்நுழைவுப் பக்கமே நூலின் பெயரோடு வந்து சேரலாம். முந்நூறு பக்க நூல் சில கிலோபைட் அளவே இருப்பின் ஐயுறுக. அக்கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும். மெய்யான பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும், அதனையடுத்துப் பிடிஎஃப் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும்.

உலாவியிலேயே கோப்பைத் திறந்து அங்கிருந்தே அச்சிடும் வழக்கத்தைத் தவிர்த்தல் நலம். முதலில் கணிப்பொறியில் சேமித்து, பின்னர் அதற்குரிய செயலியில் திறந்து அச்சிட்டால் இடர்கள் பல தாமே நீங்கும்.

திறக்கும்போது நேரும் தடை

பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல் இருவகையாக அமையலாம். ஒன்று, திறப்பதற்கே வேண்டுவது. மற்றொன்று, அச்சிடல், படியெடுத்தல் முதலிய உரிமைகளைக் கட்டுப்படுத்துவது. கோப்பு திறக்கிறது, படிக்கவும் முடிகிறது, அச்சிடும் கட்டளை மட்டும் மங்கி நிற்கிறது எனின், இரண்டாம் வகைத் தடை என்று கொள்க. கோப்பின் பண்புகளைக் காட்டும் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'செக்யூரிட்டி' என்னும் தலைப்பின்கீழ் இது தெரியவரும். இதனை இயந்திரக் கோளாறாகக் கருதுதல் தவறு. உரிமையாளர் அறிந்தே இட்ட வேலி இது. அவரிடம் இசைவு பெறுவதே நெறி.

விண்ணப்பப் படிவங்கள் சிலவற்றைத் திறந்தால், காத்திருக்கும்படி சொல்லும் ஆங்கில அறிவிப்பு மட்டுமே தோன்றி நிற்கும். எத்துணை நேரம் காத்திருந்தாலும் படிவம் வாராது. அஃது எக்ஸ்எஃப்ஏ என்னும் தனி அமைப்பில் ஆகிய படிவம். உலாவிகளும் கைப்பேசிச் செயலிகளும் பெரும்பாலும் அதனைக் காட்டுவதில்லை. கணிப்பொறியில் சேமித்து அடோபி ரீடரில் திறந்தால் படிவம் வெளிப்படும்.

எழுத்துரு என்னும் உயிர்நிலை

தமிழர்க்கு நேரும் இடர்களுள் தலையாயது எழுத்துருச் சிக்கலே. கோப்பில் உள்ளவை எண்கள். அவ்வெண்களுக்கு வரிவடிவம் தருவது எழுத்துரு. எழுத்துரு உடன் வாராவிடில், மற்றொரு கணிப்பொறி தன்னிடம் உள்ளதைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பிவிடும். அதன் விளைவு மூன்று தோற்றங்களில் வெளிப்படும்.

முதலாவது, தமிழ்ச் சொற்களின் இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றுதல். 1990களில் எழுத்துரு படைத்தோர் பலர், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். சான்றாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அமைத்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே எஞ்சும். உரிய எழுத்துருவை நிறுவுதல் இதற்கு உடனடித் தீர்வு. எழுத்துமாற்றியின் துணைகொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நிலையான தீர்வு. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாவது, கட்டங்கள் தோன்றுதல். கோப்பு ஒருங்குறியில் இருந்தும், அக்கணிப்பொறியில் பயன்படும் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை என்பதே இதன் பொருள். தமிழ் வடிவங்கள் உடைய ஒருங்குறி எழுத்துருவைத் தேர்ந்தால் எழுத்துகள் மீளும்.

மூன்றாவது, உயிர்மெய்க் குறிகள் பிரிந்து புள்ளி வட்டங்களோடு நிற்றல். ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்து, ககர மெய்யை முன்னும் ஒகரக் குறியை அதன் பின்னுமாகக் கொண்டு சேமிக்கப்படுகிறது. மெய்யின் வழியே உயிர் ஒலிக்கும் என்னும் நம் இலக்கண முறைக்கு இது பொருந்துவதாகும். எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னே வருகிறது. சேமித்த முறையை எழுதும் முறைக்கு மாற்றும் பணியை மென்பொருள் செய்யத் தவறினால் கொம்பும் காலும் சிதறும். பிடிஎஃப் கோப்பிலிருந்து மேற்கோளைப் படியெடுத்து ஆய்வேட்டில் ஒட்டும்போதும் இதே பிழை நேர்வதுண்டு. அரபுச் சொற்களை அரபு எழுத்திலேயே எடுத்தாளும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வாளர் இதில் இருமடங்கு விழிப்போடு இருத்தல் வேண்டும். அவ்வெழுத்துகள் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறிக் கூடுவன. வலமிருந்து இடமாகச் செல்வன. ஒட்டிய இடத்தில் அவை கூட்டறுந்து தனித்தனியே நிற்கலாம். வரிசை தலைகீழாகவும் ஆகலாம்.

இவற்றையெல்லாம் வருமுன் காக்கும் வழி ஒன்றே. எக்கணிப்பொறியில் ஆய்வேடு தட்டச்சு செய்யப்பட்டதோ, அக்கணிப்பொறியிலேயே அதனைப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உட்பொதித்துவிட வேண்டும். வேர்டு செயலியில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது, விருப்பத் தேர்வுகளில் பிடிஎஃப்-ஏ என்னும் வகையைத் தெரிவு செய்யலாம். நெடுங்காலப் பாதுகாப்பிற்கென 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இத்தரம், எழுத்துருக்கள் உட்பொதிந்திருத்தலைக் கட்டாயமாக்குகிறது. உட்பொதிந்துள்ளதா என்பதை அடோபி ரீடரின் பண்புகள் பகுதியில், 'ஃபான்ட்ஸ்' என்னும் தலைப்பின்கீழ்க் காணலாம். எழுத்துருப் பெயரின் அருகே 'எம்பெடட்' என்னும் சொல் இருத்தல் வேண்டும். வேர்டு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நகலகம் செல்வது இடரை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

அச்சேறும்போது நேரும் பிழை

திரையில் திருத்தமாகத் தோன்றும் பக்கம் தாளில் மட்டும் சிதைவது வியப்பளிக்கலாம். திரைக்கு வடிவம் தருவது ஒரு மென்பொருள்; அச்சுக்கு வடிவம் தருவதோ அச்சுப்பொறியின் இயக்கி. இரண்டும் ஒன்றுபோல் பொருள்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' என்னும் பொத்தானை அழுத்தினால் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' என்னும் தேர்வு கிடைக்கும். அதனைத் தேர்ந்தால் பக்கம் முழுவதும் படமாக மாறி அச்சுப்பொறிக்குச் செல்லும். நேரம் சற்றுக் கூடுதலாகும். திரையில் கண்ட வடிவமே தாளிலும் வரும்.

தாளின் அளவும் கருதத்தக்கது. நம் நாட்டில் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அமெரிக்க வழக்கிலுள்ள லெட்டர் தாள் ஏறத்தாழ 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் உடையது. ஓரளவுக்கு அமைத்த பக்கத்தை மற்றோர் அளவில் அச்சிட்டால் பக்க எண்ணோ ஓர வரியோ வெட்டுண்ணும். பிறர் கோப்பை அச்சிடும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் 'ஃபிட்' என்னும் தேர்வு உதவும். பல்கலைக்கழகம் ஓர அளவையும் எழுத்தளவையும் வரையறுத்துள்ள ஆய்வேட்டுக்கு, உள்ள அளவிலேயே அச்சிடும் 'ஆக்சுவல் சைஸ்' என்பதே பொருந்தும்.

வருடி எடுத்த பழைய நூல்களின் கோப்புகள் அளவிற் பெரியன. அச்சுப்பொறியின் நினைவகம் அவற்றைத் தாங்காது பாதிப் பக்கத்தில் நின்றுவிடுவதுண்டு. பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்து அனுப்புக. ஒரு கோப்பு வரிசையில் சிக்கிக்கொண்டால் பின்வருவன யாவும் தேங்கும். அந்நேரத்தில் அச்சுக் கட்டளையை மீண்டும் மீண்டும் அழுத்துவோர், தடை நீங்கியவுடன் ஒன்றுக்குப் பத்துப் படிகள் பெற்றுத் தாளை வீணாக்குவர். வரிசையில் உள்ளவற்றை நீக்கி, அச்சுப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குதலே முறை.

பழுது கோப்பிலா பொறியிலா என்னும் ஐயம் எழுந்தால் இருவகைச் சோதனை போதும். அதே பொறியில் வேறொரு கோப்பை அச்சிடுக; அதே கோப்பை வேறொரு பொறியில் அச்சிடுக. பிழை கோப்பைத் தொடர்கிறதா, பொறியைத் தொடர்கிறதா என்பது தெளிவாகிவிடும்.

கண்ணுக்குப் புலப்படாப் பிழை

இதுகாறும் கூறியவை கண்ணால் காணத்தக்க பிழைகள். அவற்றினும் கொடியது காணப்படாத பிழை. 2013ஆம் ஆண்டில் டேவிட் கிரீசல் என்னும் செருமானியக் கணிப்பொறி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிப்பொறிகள் கட்டட வரைபடத்தில் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையே அதற்குக் காரணம். ஆறு என்னும் எண் எட்டாக மாறி, சிறிதும் சிதைவின்றித் தெளிவாகவே அச்சாகியிருந்தது. பின்னர் அந்நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வழங்கியது.

தெளிவாக அச்சாகியுள்ளது என்பதனாலேயே ஒன்று மூலத்திற்கு இயைந்தது ஆகிவிடாது என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பாடல் எண், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை வருடிய கோப்பிலிருந்து எடுத்தாளும் ஆய்வாளர், இயன்றவரை அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் கடனாகும்.

முடிவுரை

ஆய்வேட்டை முடித்த மாணவர், ஒருங்குறியில் அமைந்த மூலக் கோப்பு, எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கோப்பு, தாம் படித்துத் திருத்திய ஓர் அச்சுப்படி ஆகிய மூன்றையும் பேணி வைத்தல் வேண்டும். மூலக் கோப்பு திருத்துவதற்கும், பிடிஎஃப் பிறர்க்கு வழங்குவதற்கும், அச்சுப்படி ஒப்புநோக்குவதற்கும் பயன்படும். இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்னரே, தமிழும் அரபும் அட்டவணையும் படமும் உள்ள பக்கங்களைத் தெரிந்து, அச்சிடவிருக்கும் நகலகத்திலேயே சோதனைப்படி எடுத்துவிடுதல் நன்று. நெறியாளரும் கையொப்பமிடுமுன் திரையில் அன்றித் தாளில் ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. படியெடுக்கும் பணியைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டோம். ஒப்புநோக்கும் பணி இன்னும் நம்முடையதே.